பதினோராம் எண் இழைப்புளி

துருவக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தவன் அவளுடைய தம்பிதான். துருப்பிடித்த சாமான்களை எங்கே கண்டாலும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிற அக்கா, ஆகவே துரு அக்கா. சேர்த்துச் சொன்னால் துருவக்கா. எதையும் துருவித் துருவிப் பார்க்கிற அவள் சுபாவத்துக்கும் அது கச்சிதமாகப் பொருந்திவிட்டதால், தம்பியின் தச்சுப் பட்டறையில் தொடங்கி அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. சம்பளப் பட்டியலில் மட்டும்தான் அவளுடைய சொந்தப் பெயர் பிழைத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கொதிநீராவியில் வைத்து, ஒவ்வொன்றாகப் பரிசோதித்துக் கட்டி அனுப்புகிற பிரிவில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. ஒரு கத்தரியின் இரண்டு நுனியும் மயிரிழை விலகியிருந்தால், விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை புரட்டிப் பார்த்தே ஒதுக்கிவிடுவாள். டாக்டர்கள் அவளிடம் மறுபேச்சுப் பேசுவதில்லை. இரும்போடு இப்படிப் பழகியவள் ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில், பழைய இரும்புக் கடையில் ஒரு கைப்பிடி தட்டுப்பட்டு நின்றாள். குனிந்து இழுத்தால், செங்கல் நிறத்துக்குத் துருவேறிய ஒரு இழைப்புளி, தச்சர்கள் மரத்தைச் சீவுகிற கருவி. வீட்டுக்குக் கொண்டுவந்து ஊறவைத்துத் தேய்த்தபோது துருவுக்கு அடியிலிருந்து செய்தவனின் முத்திரை, எழுத்து எழுத்தாக மேலே வந்தது. அன்றைக்குப் பிடித்தது ஆறு வருடமாக விடவில்லை.

பஸ் ஓட்டுகிற கணவருக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, இடம்தான் இல்லை. சமையலறை அலமாரியில் பாதி உளிகளுக்குப் போயிற்று, கட்டிலுக்கு அடியில் ரம்பங்கள் குடியேறின. ஒருமுறை குளியலறை வாளியில் இருந்ததை வெந்நீர் என்று நினைத்து இரண்டு குவளை காலில் ஊற்றிக்கொண்டார். அது துருவை எடுப்பதற்காக எலுமிச்சை உப்புக் கரைத்து வைத்த தண்ணீர். வெளியே வந்து, "கால் நல்லா பளபளன்னு இருக்கு. எனக்கும் கொஞ்சம் துரு இருந்திருக்கும் போல" என்று மட்டும் சொன்னார். நல்ல மனிதர்.

தம்பிதான் ஒத்துக்கொள்ளவே மாட்டான். அவன் பெரிய வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிற தச்சு ஒப்பந்தக்காரன். பட்டறையில் பதினான்கு மிஷின், எட்டு ஆள். எப்போது வந்தாலும் அக்கா புதுப்பித்து வைத்திருப்பதை ஒன்று எடுத்துப் பார்ப்பான், அழகாகத்தான் இருக்கிறது என்பான், அப்புறம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் போகமாட்டான்: கண்ணாடி அலமாரிக்குச் சரி, வேலைக்கு ஆகாது. அது அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். ஏனென்றால் அலமாரிக்காக அவள் ஒன்றைக்கூடச் செய்ததில்லை. மரத்தில் ஓடாத இழைப்புளியை அவள் புதுப்பித்த கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பழைய சொந்தக்காரர்களின் கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த பள்ளத்தை விட்டுவைப்பாள். வெட்டு முனையைத்தான் விடமாட்டாள்.

அந்த வருடம் தம்பிக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது. நூற்றுச் சொச்சம் வயதான பொது நூலகத்தின் வாசிப்பு மண்டபத்தில், சுவருக்குள் ஓடிய குழாய் வெடித்து, ஒரு பக்கச் சுவரின் மர வேலைப்பாடு முழுவதும் ஊறிக் கெட்டுப்போயிருந்தது. பலகைகளை மாற்றுவது பெரிய காரியமில்லை. பலகைகளைச் சுற்றி ஓடிய பீடிங்தான் சிக்கல். பீடிங் என்றால் ஓரத்துக்கு அடிக்கிற அலங்காரப் பட்டை. இது ஒரு மேடு, ஒரு வளைவு, வளைவுக்கு அடியில் உள்வாங்கி ஒடுங்குகிற ஒரு பள்ளம் என்று ஓடியது. பழையது எது, புதியது எது என்று கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பது உத்தரவு. மேற்பார்வைக்கு வந்த இன்ஜினியரம்மா அந்த உத்தரவை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர்.

தம்பி மிஷினில் சுழன்று வெட்டுகிற பிட் ஒன்றைத் தனியாகச் செய்யச் சொல்லி, மூன்று முறை மாதிரி வெட்டிக் கொண்டுபோனான். மூன்றையும் அந்த அம்மா சுவரில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சாயங்கால வெயில் உயர ஜன்னல் வழியாகச் சுவரோடு சரிந்து இறங்கும்போது, பழைய பட்டையில் நிழல் கத்தியால் கீறியதுபோல் விழுந்தது. புதியதில் அது மழுங்கிக் கிடந்தது. பத்து நாள் தருகிறேன், அதற்குள் முடியவில்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கவேண்டியிருக்கும் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். மரியாதையாகச் சொன்னதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

அன்றைக்கு நேராக அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன், கொடுத்த டீயைக் குடிக்காமல் ஆறவிட்டான். கையில் பழைய பட்டையில் வெட்டிய ஒரு துண்டும், தன்னுடைய மூன்றாவது மாதிரியும் இருந்தன. அவள் இரண்டையும் வாங்கி ஜன்னலுக்குப் போனாள். கருவிகளைப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். தம்பியின் மாதிரியில் குறுக்கே சின்னச் சின்ன அலைகள். சுழல்கிற பிட் விட்டுப்போன தடம். பழைய துண்டில் அலையே இல்லை. அதற்குப் பதிலாக நீளவாக்கில், நூல் பிடித்ததுபோல் இரண்டு மெல்லிய கோடுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் ஓடின. பிளேடில் ஏதோ பொடிப் பல் விழுந்திருந்த இழைப்புளி ஒன்று, விடாமல் ஒரே இழுப்பாகப் போயிருக்கிறது.

"இது மிஷின் செஞ்சதில்லடா. கையால தள்ளினது" என்றாள். "உன் பிட் நேரா நின்னு சுத்துது. இந்தப் பள்ளம் உள்ள சாய்ஞ்சு போகுது பாரு. சாய்ச்சுப் பிடிச்சு வெட்டினாத்தான் அங்க எட்டும்."

தம்பி அதைப் பார்த்தான். சாய்வு இருந்தது. மூன்று முறை மாதிரி செய்தும் அது தன் கண்ணில் படவில்லையே என்று அவன் நினைத்தது முகத்திலேயே எழுதியிருந்தது. சரி, இப்போது சாய்த்துப் பிடிக்கிற இழைப்புளிக்கு எங்கே போவது என்று கேட்டான். அவள் கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே பழைய இரும்புக் கடையில், அடுப்புக்குப் போக இருந்த ஒரு பெட்டியை அவள் வாங்கியிருந்தாள். உள்ளே மர உடம்பும் இரும்பு பிளேடும் கொண்ட ஒன்பது பீடிங் இழைப்புளிகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்துக்கு, புத்தகத்தை நிமிர்த்தி வைத்ததுபோல் ஒல்லியாக இருக்கும். எல்லாவற்றின் முகப்பிலும் ஒரே பட்டறையின் முத்திரை, பின்பக்கம் எண். நடுவில் சில எண்கள் காணாமல் போயிருந்தன. அடிப்பாகம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வளைவு. எந்த எண் எந்த வளைவு என்று எழுதி வைத்திருந்தாளே தவிர, இரண்டைத்தான் அதுவரை முழுசாகப் புதுப்பித்திருந்தாள்.

பழைய துண்டை மேஜையில் வைத்து, ஒவ்வொரு இழைப்புளியின் அடியையும் அதன்மேல் பொருத்திப் பார்த்தாள். நான்காம் எண்ணில் மேடு இடித்தது. ஏழில் வளைவு போதவில்லை. பதினொன்றைச் சற்றே சாய்த்து வைத்தபோது, அது மரத்தோடு மரமாக உட்கார்ந்துவிட்டது. தம்பி குனிந்து, ஜன்னலைப் பார்த்தாற்போல் கண்ணை வைத்துப் பார்த்தான். இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் புகவில்லை.

அந்த மண்டபத்தைச் செய்த அதே இழைப்புளியா இது என்று அவன் கேட்டான். அவளுக்கும் ஆமாம் என்று சொல்ல ஆசைதான்.

"அது யாருக்குத் தெரியும்? அப்படிச் சொன்னா கேக்க நல்லாத்தான் இருக்கும். அதே பட்டறை, அதே எண்ணா இருக்கலாம். அவ்வளவுதான் சொல்லுவேன்."

ஆனால் வேலை அத்தோடு முடியவில்லை. அடிப்பாகம் சரியாக இருந்தது, பிளேடு சரியாக இல்லை. இடையில் எவனோ ஒரு புண்ணியவான் தன் வசதிக்கு அதைச் சாணையில் பிடித்து வேறு வடிவமாக்கியிருந்தான். அடிப்பாகத்தின் வளைவும் பிளேடின் வளைவும் கணவன் மனைவி மாதிரி ஒத்துப்போகவேண்டும். ஒன்று இழுத்தால் மற்றதும் கூடவே போகவேண்டும். அவள் பிளேடைப் பழுக்கக் காய்ச்சி ஆறவைத்து மிருதுவாக்கி, அரத்தால் ராவி, இழந்த வளைவைத் திரும்ப எடுத்தாள். அதற்கு மூன்று நாள் ஆயிற்று. மறுபடி கெட்டிப்படுத்துவதற்குக் காய்ச்சியபோதுதான் அவசரப்பட்டாள். எண்ணெயில் தோய்ப்பதா, தண்ணீரிலா என்று யோசித்து, சீக்கிரம் இறுகட்டும் என்று தண்ணீரில் விட்டாள். டிங் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். எடுத்துப் பார்த்தால் வளைவின் நட்டநடுவே விரிசல்.

அதை மறைக்க அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கை தவறிக் கீழே விழுந்தால் விழுந்தது என்று எழுதிவைத்தே பழக்கம். தம்பிக்குப் போன் போட்டு, பிளேடு போய்விட்டது, தப்பு என்னுடையது, தண்ணீரில் விட்டிருக்கக் கூடாது, இன்னும் நாலு நாள் வேண்டும் என்று சொன்னாள். கண்ணாடி அலமாரி வாக்கியம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"உன்ன நம்பித்தான் இருக்கேன்னு சொல்லமாட்டேன்கா. எனக்கு வேற வழி இல்ல, அதான் உண்மை" என்றான்.

"அது போதும். நம்பிக்கை அப்புறம் வரட்டும்" என்று வைத்துவிட்டாள்.

ஒன்பது இழைப்புளிகளில் ஒன்றின் உடம்பைப் பூச்சி தின்று சல்லடையாக்கியிருந்தது. இனி எந்தக் காலத்திலும் அது ஓடாது. அதன் பிளேடு மட்டும் அகலமாக, முழுசாக, அதே முத்திரையோடு இருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் விடுப்புச் சொன்னாள். இத்தனை வருடத்தில் காய்ச்சலுக்குக்கூடச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் எடுக்காதவள் என்பதால், மேலாளர் பயந்துபோய் உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார்.

பிளேடின் முகத்தில் மை பூசி, அதை இழைப்புளிக்குள் செருகி, அடிப்பாகத்தின் வளைவை ஒட்டியே ஊசியால் கோடு கிழித்தாள். இந்த முறை அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அரம், பிறகு அதைவிடச் சின்ன அரம், பிறகு குச்சியில் சுற்றிய உப்புத்தாள். மறுநாள் காலை பின்கட்டில் அடுப்பை ஏற்றினாள். கணவர் ஒரு கையில் ஈரச் சாக்கோடும் மறு கையில் மணல் வாளியோடும் பக்கத்தில் நின்றுகொண்டு, பஸ்ஸில் பிரேக் பிடிக்காத நாளில்கூடத் தனக்கு இவ்வளவு படபடப்பு இருந்ததில்லை என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். இரும்பு செர்ரிப் பழ நிறத்துக்கு வந்தது. காந்தத்தைக் காட்டினாள், ஒட்டவில்லை, சூடு பதத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இளஞ்சூடான எண்ணெயில் செங்குத்தாக இறக்கினாள். புகை வந்தது, நெருப்பு ஒரு நாக்கு நீட்டிவிட்டு அடங்கியது, சத்தம் வரவில்லை. வெளியே எடுத்து அரத்தை ஓரத்தில் வைத்துத் தள்ளினாள். கண்ணாடியின்மேல் போவதுபோல் அரம் வழுக்கிக்கொண்டு போயிற்று, இரும்பு நன்றாக இறுகியிருந்தது. பிறகு முனை நொறுங்காமல் இருப்பதற்காக மெதுவாகச் சூடுகாட்டி, வைக்கோல் நிறம் ஓடிவந்த கணத்தில் எடுத்துவிட்டாள். கணவர் அப்போதுதான் சாக்கைக் கீழே போட்டார்.

இழைப்புளியின் மர உடம்புக்கு அதிக வேலை வைக்கவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஆளிவிதை எண்ணெய் காட்டினாள். முகப்பில் மூன்று பழைய சொந்தக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தங்கள் முத்திரையை அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே சாய்வாக இரண்டு கோடுகள். பார்க்கிறவர்களுக்குக் கீறல் மாதிரி தெரியும். அவற்றை மட்டும் துணிநுனியால் நன்றாகத் துலக்கினாள்.

எட்டாம் நாள் இழைப்புளியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். தம்பியின் தலைமைத் தச்சர், எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிடுகிறவர், ஏற்கெனவே பலகையைப் பட்டறை மேஜையில் இறுக்கி வைத்திருந்தார். அவர் இழைப்புளியை வாங்கி, நிமிர்த்திப் பிடித்து, பலகையின் இந்த முனையிலிருந்து ஒரு தள்ளு தள்ளினார். இரண்டடி போய் அடைத்துக்கொண்டது. மறுபடியும் தள்ளினார். மறுபடியும் அடைத்தது. மேஸ்திரி அதை மரியாதையாகவே கீழே வைத்துவிட்டு, தம்பியைப் பார்த்து லேசாக உதட்டைப் பிதுக்கினார். எட்டு ஆளும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துருவக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். முகப்பில் இருந்த இரண்டு கோடுகளை மேஸ்திரிக்குக் காட்டினாள். "இது கீறல் இல்லீங்க. எவ்வளவு சாய்க்கணும்னு செஞ்சவன் எழுதி வச்சது. இந்தக் கோடு பலகைக்கு நேரா வரணும். இன்னொண்ணு, இந்த முனையில ஆரம்பிக்கக் கூடாது. அந்தக் கடைசியில ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா பின்னால வரணும்."

சொன்னபடியே தூர முனைக்குப் போய் நின்றாள். கோட்டைப் பலகைக்கு ஒத்துப் பிடித்தாள். முதலில் ஒரு சாண் நீளத்துக்குத் தள்ளினாள், அடுத்து ஒரு முழம், ஓரடி பின்வாங்கி இன்னும் கொஞ்சம். இழைப்புளி ஷ்ஷ் என்று இழுத்து மூச்சு விட்டது. பக்கவாட்டுத் துளை வழியாகச் சுருள் சுருளாக மரச்சீவல் வெளியே கொட்டி அவள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு தள்ளலில் மேடு வந்தது, வளைவு வந்தது, கடைசியில் அந்தப் பள்ளம் கூர்மையாக உள்ளே இறங்கியது. அதற்குமேல் தள்ளினால் சீவல் வரவில்லை. போதும் என்ற ஆழம் வந்ததும் அடிப்பாகம் மரத்தில் முட்டித் தானாகவே நின்றுவிட்டது. அப்படி நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அது நின்றபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

மேஸ்திரி வந்து பள்ளத்தில் நகத்தை விட்டு நீவிப் பார்த்தார். பிறகு இழைப்புளிக்குக் கையை நீட்டினார். முகப்புக் கோட்டைப் பலகைக்கு நேராக வைத்துக்கொண்டு, "இப்படித்தானேம்மா?" என்று கேட்டார். அதுவரை அவளை அவர் துருவக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நூற்றிருபது அடிப் பட்டை. மேஸ்திரியும் இன்னொருவரும் மாறி மாறித் தள்ளினார்கள். அவள் வேலைக்குப் போகும் முன்னும், வேலை முடிந்தும் வந்து பிளேடைக் கழற்றி, வளைவுக்கேற்றபடி வழித்தெடுத்த சின்னக் கல்லில் தீட்டிக் கொடுத்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, யாரும் போகவும் சொல்லவில்லை. வந்தால் நாற்காலி போட்டார்கள்.

பத்தாம் நாள் சாயங்காலம் இன்ஜினியரம்மா வந்தார். வேண்டுமென்றே வெயில் சரிகிற நேரமாகப் பார்த்து வந்திருந்தார். சுவரோடு கன்னத்தை ஒட்டினாற்போல் நின்று ஒரு பார்வை பார்த்தார். நிழல் ஒரே கோடாக மூலையிலிருந்து மூலைக்கு ஓடியது. அது போதாதென்று கண்ணை மூடிக்கொண்டு, விரல்நகத்தைப் பட்டையின்மேல் வைத்து நடந்தார். ஓரிடத்தில் நின்றார். இங்கேதானே பழையது முடிந்து புதியது ஆரம்பிக்கிறது, லேசாகத் தட்டுகிறது என்றார்.

மேஸ்திரிக்கு இருமல் வந்தது. தம்பி தரையைப் பார்த்தான். அந்த அம்மா காட்டிய இணைப்பு, அந்தக் காலத்தில் மண்டபத்தைக் கட்டியவர்கள் போட்டது. இவர்களுடைய இணைப்பை அவர் மூன்று தப்படிக்கு முன்பே தாண்டி வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா திரும்பிப் போய், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினார். தேடிக் களைத்துச் சிரித்துவிட்டார். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, இதை எந்தக் கம்பெனி மிஷினில் செய்தீர்கள், அறிக்கையில் எழுதவேண்டும் என்று கேட்டார்.

துருவக்கா அப்போது ஒரு ஓரத்தில் இழைப்புளியைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"கம்பெனி இல்லீங்க மேடம். எங்க அக்கா" என்றான்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. அவன் போய் அக்காவின் கையிலிருந்ததை வாங்கி, துண்டைப் பிரித்து, விளக்க ஆரம்பித்தான். எண் எங்கே இருக்கிறது, முத்திரை எங்கே இருக்கிறது, பழைய பட்டையில் ஓடிய இரண்டு கோடுகள் எதைச் சொல்கின்றன, முகப்பிலிருக்கும் இரண்டு கோடுகள் எதைச் சொல்கின்றன, பிளேடை எந்த நிறத்தில் எடுக்கவேண்டும் என்று கால் மணி நேரம் பேசினான். பாதி தப்பு. வைக்கோல் நிறத்தைக் கோதுமை நிறம் என்றான், எண்ணெயை மண்ணெண்ணெய் என்றான். அவள் திருத்தவில்லை. பேசி முடிக்கிற இடத்தில் அவன், "நான்தான் மேடம் இத இத்தனை வருஷமா வேலைக்கு ஆகாதுன்னு சொல்லிட்டிருந்தேன். எழுதும்போது அதையும் வேணா எழுதிக்குங்க" என்றான்.

அறிக்கையில் அது வரவில்லை. ஆனால் மர வேலைக்கான கருவியை அடையாளம் கண்டு சீரமைத்தவர் என்று ஒரு வரியில் அவளுடைய சொந்தப் பெயர் அச்சில் வந்தது. அந்தப் பக்கத்தின் நகலை ஆஸ்பத்திரியில் யாரோ கருவி அறையின் கதவில் ஒட்டிவைத்தார்கள். இது யாரு புதுசா ஒருத்தர் என்று இரண்டு டாக்டர்கள் கேட்டார்கள். கணவர் இன்னும் ஒருபடி மேலே போனார். அவருடைய பஸ் நூலகத்தைத் தாண்டித்தான் போகும். நிறுத்தத்தில் இறங்குகிறவர்களைப் பார்த்து, உள்ளே வாசிப்பு மண்டபத்தில் எந்தச் சுவர் புதுசு என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம், என் சம்சாரம் செய்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு கிழவர் தினமும் முயற்சி செய்து தினமும் தவறான சுவரையே சொல்கிறார் என்று கேள்வி. அவள் வீட்டில் சத்தம் போட்டாள். சத்தத்தில் கோபம் இல்லை என்று அவருக்குத் தெரியும், ஆகவே நிறுத்தவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு விடுமுறை நாள் மத்தியானம், தம்பி வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். இடிக்கிற ஒரு வீட்டின் பரணிலிருந்து எடுத்ததாம். தரையில் பழைய செய்தித்தாளைத் தானே விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். "இதெல்லாம் என்னன்னு சொல்லுக்கா" என்று சப்பணமிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டான். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்: இது பீப்பாய்ப் பலகை சீவுகிறது, இது தோல் வேலைக்காரருடைய அரைவட்டக் கத்தி, இது ரம்பப் பல்லைச் சாய்க்கிறது. பைக்குள் கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. இரண்டு கைப்பிடி, நடுவில் முறுக்கிய ஒரு தண்டு, நுனியில் கொக்கி மாதிரி ஏதோ ஒன்று. அவள் உருப்பெருக்கியை மாட்டினாள். புரட்டினாள். துருவைக் கொஞ்சம் சுரண்டினாள். முத்திரை இல்லை. எடையைக் கையில் தூக்கிப் பார்த்தாள், எங்கே தேய்ந்திருக்கிறது என்று விரலால் தேடினாள்.

தம்பி பொறுமையாகக் காத்திருந்தான்.

"தெரியலடா" என்றாள் துருவக்கா. முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "இது என்னன்னு எனக்கே தெரியல. நீ போய் அந்த எலுமிச்சை உப்பு வாளிய எடுத்துட்டு வா."